வேண்டாம் என்னும் பொத்தான்

நண்பகல் வெயிலில் ஏ.டி.எம். திரை வெளிறிக் கிடக்கிறது. மகளின் பிரசவத்துக்காகக் கணவரோடு நேற்றுத்தான் இந்த நாட்டில் வந்திறங்கிய டவுன்பஸ் கண்டக்டரம்மா, இடது கையைத் திரைக்குக் குடையாகப் பிடித்துப் படிக்கிறாள். உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா என்று இயந்திரம் கேட்கிறது. அதற்கு அது போடும் பணமாற்று ரேட் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அவள் செல்போனில் இன்றைய ரேட்டைப் பார்க்கிறாள். பின்னால் வரிசை நெளிகிறது. பயணப்பெட்டியோடு நிற்பவர் தொண்டையைச் செருமுகிறார்.

"ஆமான்னு அமுக்கிட்டு வாயேன், மானம் போகுது," என்று கணவர் கிசுகிசுக்கிறார்.

"நம்ம பேங்க் ரேட்டை விட நூத்துக்கு எட்டு கூடப் புடுங்கறான். வேண்டாம்னாலும் பணம் வரும், நம்ம பேங்க் ரேட்டுல. கேட்டா குடுத்துடணுமா? இதுல நமக்கென்ன மானம் போகுது?"

அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்துகிறாள். நிச்சயமாகவா என்று திரை சிவப்பெழுத்தில் மறுபடி கேட்கிறது. கணவர் தன் செருப்பையே பார்க்கிறார். வேண்டாம் என்று கட்டைவிரலால் அவள் இன்னொரு முறை அழுத்துகிறாள். இயந்திரத்தின் வயிற்றில் ஏதோ கடகடக்கிறது. கேட்ட நோட்டுகள் முழுதாக வெளியே நீள்கின்றன. அவள் அவசரமில்லாமல் அவற்றைக் கைப்பைக்குள் வைத்து நகர்கிறாள். அடுத்து வந்த பெட்டிக்காரரும் அதே கேள்வியில் திகைத்து, திரும்பிக் கணவரைப் பார்க்கிறார். மொழி தெரியாத கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வேண்டாம் என்று பலமாகத் தலையை ஆட்டுகிறார்.