அரை டிகிரி

தினமும் காலை ஆறு மணிக்கு அருளப்பனின் முழங்கால் கேட்கும்: "வலி இருக்கிறதா?"

"இல்லை" என்று சொல்லப் பழகி எட்டு மாதமாகிறது. முதல் வாரம் உண்மையைத்தான் சொன்னார். சொன்ன ஒவ்வொரு முறையும் உள்ளே பொருத்திய செயற்கை மூட்டு, வலியைச் சரிசெய்வதாக எண்ணி, தானாக அரை டிகிரி திரும்பி, அறுபது வருடம் வளைந்தே நடந்த காலை இன்னும் நேராக்கியது. வலியில் உயிர் போயிற்று.

பொய் சொல்லத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு அவர் செல்லப்பிள்ளை. கோணம் கச்சிதம், வலி பூஜ்யம் என்று வரவேற்பறையில் படம்கூட மாட்டிவிட்டார்கள்.

இன்று விடிவதற்குள் தங்கை பிலோமினா வந்துவிட்டாள். பத்து மணிக்கு அவளுக்கு அறுவை சிகிச்சை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்க கால்ல வச்ச மாதிரியே எனக்கும் வைக்கச் சொல்லிட்டேண்ணே. டாக்டருக்கு ஒரே சந்தோஷம்."

"வேண்டாம்மா."

"படத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, எனக்கு மட்டும் வேண்டாமா?"

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மணி ஆறானது.

"வலி இருக்கிறதா?"

அருளப்பன் தங்கையின் கையை இழுத்துத் தன் முழங்கால்மேல் அழுத்திக்கொண்டார்.

"இருக்கு" என்றார்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே மூட்டு மெல்லத் திரும்பத் தொடங்கியது.