பிடிச்சவங்களுக்கு

மெக்கானிக் வீட்டில் பதினெட்டு வருஷமாக ஒரே டீதான். நிறையப் பால், இரண்டு கரண்டி சர்க்கரை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மனைவி தினமும் பாலும் சர்க்கரையும் இல்லாத டீயைத் தனியாகப் போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போனாள்.

“யாருக்கு இது?”

“பிடிச்சவங்களுக்கு.” சிரிப்பு வேறு.

“யாரு அந்தப் பெரிய மனுஷன்?”

“பஸ் வந்துடும், வரேன்.”

 சாயங்காலம் மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அந்தக் கடைக்குள் புகுந்தார்.

மனைவி மட்டும்தான் இருந்தாள். கண்ணை மூடி, அந்த டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நீயா இதைக் குடிக்கிறே? வீட்ல...”

“அது உங்க டீ. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இதுதான் பிடிக்கும்.” ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள். “யாருக்கு, யாருக்குன்னு கேட்டீங்களே, ‘உனக்கா?’ன்னு கேக்கத் தோணவே இல்லையா?”