சம்பந்தியின் மண்ணீரல்

"கட்டியை எடுத்துக்குங்க டாக்டரம்மா. கணையத்துல பாதியைக்கூட எடுத்துக்குங்க. ஆனா மண்ணீரல் மேல மட்டும் கை வைக்கக் கூடாது!"

பெரியவர் கஞ்சி போட்ட சட்டையைவிட விறைப்பாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார்.

"இது கணையம். இதோட வால் பக்கத்துலதான் கட்டி. நல்லவேளை, புற்று இல்ல. ஆனா மண்ணீரலுக்குப் போற ரத்தக்குழாய் கணையத்தோட முதுகுல ஒட்டிக்கிட்டே போகுது. வயித்துல நாலு சின்னத் துளை போட்டு, கேமராவுல பார்த்து, அந்தக் குழாயைக் கிழியாமப் பிரிக்கணும். கண்டிப்பா முயற்சி பண்றேன். ரத்தம் நிக்கலைன்னா மண்ணீரலையும் சேர்த்து எடுத்துடுவேன். அது இல்லாமலும் வாழலாம் ஐயா."

"வாழலாம். தலை நிமிர்ந்து வாழ முடியுமா?"

டாக்டர் விழித்தார். மனைவிதான் விளக்கினாள்.

"எங்க சம்பந்தி, அதான் மருமகளோட அப்பா, மூணு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். உங்க கையாலதான். அதுலேர்ந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் சட்டையைத் தூக்கி நாலு தழும்பையும் காட்டி, 'மண்ணீரல்ல ஒரு கீறல்கூட இல்ல, அதுக்கெல்லாம் பரம்பரை உடம்பு வேணும்'னு ஒரே பெருமை."

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"பொண்ணைக் கொடுத்தவருக்கு இருக்கு, பையனைப் பெத்தவனுக்கு இல்லைன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் பெரியவர்.

"என்னால முடிஞ்சதைச் செய்றேன்," என்று சொல்லிவிட்டு டாக்டர் மறுபடியும் தண்ணீரை எடுத்தார்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் பெரியவர் கேட்டது ஒரே வார்த்தை.

"இருக்கா?"

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே பெரியவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மூணு மணி நேரம் போராடினேன் ஐயா. குழாய் கட்டியோட பின்னிக் கிடந்தது. ரத்தம் நிக்கல. எடுக்க வேண்டியதாப் போச்சு." ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினார். "மண்ணீரல் இல்லாதவங்க இதை எப்பவும் கையோட வச்சிருக்கணும். காய்ச்சல் வந்தா உடனே இங்க ஓடி வரணும். ரெண்டு வாரம் கழிச்சுத் தடுப்பூசி. அப்புறம் வருஷா வருஷம் ஒண்ணு."

டாக்டர் போனதும் பெரியவர் அட்டையைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பையன்கிட்டயும் மருமக கிட்டயும் 'நல்லபடியா முடிஞ்சுது'ன்னு மட்டும் சொன்னேன். நாப்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்த அன்றே சம்பந்தியின் போன் வந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மண்ணீரல்தானே? கல்லு மாதிரி இருக்கு சம்பந்தி. ஒரு கீறல்கூட இல்ல. அதுக்கெல்லாம் பரம்பரை உடம்பு வேணும் இல்லையா?"

மறுமுனையிலிருந்து, "ரொம்ப சந்தோஷம்," என்று மட்டும் வந்தது.

"மனுஷன் வாயடைச்சுப் போயிட்டார்!" பெரியவர் மனைவியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

ஊசி போடும் நாளும் வந்தது. தையலைக் காட்டிவிட்டு வருவதாக மருமகளிடம் சொல்லிவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். தடுப்பூசி அறை வாசலில் கைக்குழந்தைகளும் அழுகையுமாக ஒரே கூட்டம். நல்லவேளை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் நிம்மதியாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "மண்ணீரல் எடுத்தவங்க, மஞ்சள் அட்டையோட முதல்ல வாங்க!"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். பக்கத்தில் செய்தித்தாளும் எழுந்தது. மெல்ல மடிந்தது. அதற்குப் பின்னால், ஓரம் நைந்துபோன மஞ்சள் அட்டையோடு சம்பந்தி நின்றார்.

"போன்ல என் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு," என்று காதோரம் கிசுகிசுத்தார். "மூணு வருஷமா தனியா வந்து குத்திக்கிட்டு அலுத்துப் போச்சு சம்பந்தி. ரெண்டு வாரத்தை விரல் விட்டு எண்ணி, உங்களுக்காகத்தான் எனக்கும் இன்னிக்கே நாள் வாங்கினேன்!"