கட்டெறும்பு நேராகப் போனது

"வலது," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள்.

"திரும்பிடுச்சு, திரும்பிடுச்சு!" போனில் கணவனின் குரல்.

மொட்டை மாடியில் நின்றபடியே ஒரு குதி குதித்தாள். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

கணவன் நின்றது தெருக்கள் எல்லாம் முடிந்து, மரங்களுக்கு அந்தப் பக்கம், பழைய தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். அவன் காலடியில் கட்டெறும்பு. செருப்புப் பெட்டி அளவு உடம்பு, நான்கு சக்கரம், கறுப்புப் பெயிண்ட். அவள் தன் கையாலேயே செய்த ரோபோ.

மாடியிலிருந்து தொட்டியின் தலை மட்டும்தான் தெரியும். அதனால் இங்கே கட்டளையை அவள் சத்தமாகச் சொல்லிவிட்டு ரிமோட்டைத் தொடுவாள். அங்கே ரோபோ என்ன செய்கிறது என்று அவன் சொல்வான். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் பழக்கம்.

ஆரம்பம் என்றால் லேசுப்பட்ட ஆரம்பமா! பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு ரேடியோ அலையைப் பற்றி என்ன தெரியும்? முதலில் ஆன்டெனாவை அழகாக மடித்து மூடிக்குள் ஒளித்துவைத்தாள். கட்டெறும்பு வாசலைத் தாண்டவில்லை. வெளியே நீட்டிவிட்டாள், மோட்டார் சுற்றும்போதெல்லாம் ரிசீவர் பேய் பிடித்ததுபோல உதறியது. ஒருநாள் பாதி வழியில் சிக்னல் அறுந்து, நிற்கத் தெரியாமல் ஓடிப்போய் எதிர்வீட்டு நாயைத் துரத்தியது. சிக்னல் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று ரோபோவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம். அது அவளுக்கு நாய்க்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே சொல்லிவைத்துவிட்டாள். அதற்கப்புறம் சிக்னல் போனால் கட்டெறும்பு ஓர் அங்குலம் நகராது.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயர். பற்றவைக்கிற கோல் பட்டு விரிப்பும் பொசுங்கியது, விரலும் பொசுங்கியது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் உட்கார்ந்து அழுதாள். கணவன் முணுமுணுக்கும்போதெல்லாம், "அந்தத் தொட்டி வரைக்கும் ஒரே ஒரு தடவை போயிட்டா போதுங்க, எல்லாத்தையும் ஏறக்கட்டிடறேன்," என்று சத்தியம் செய்தாள்.

போன மாதம், போயே போய்விட்டது.

அம்மாடி, அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏறக்கட்டுவதாவது! நேராகப் போய், தூரத்திலிருந்தே ரோபோ ஓட்டுகிற போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நாளைக்குப் போட்டி. பெரிய டாக்டர் உட்பட ஆஸ்பத்திரியே வேன் பிடித்து வருகிறது. "நீ எங்க, ரோபோ எங்க," என்று சிரித்த எக்ஸ்ரே அக்காவும் வருகிறாள்.

"நாளைக்கும் அந்தக் கோடியில நானே நின்னுக்கறேன், நீ கவலைப்படாத," என்று கணவன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான் என்று பூரித்துப்போனாள்.

இன்று கடைசி ஒத்திகை. ரிமோட்கூடக் கையில் லேசாக இருந்தது. சந்தோஷத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதன் குட்டி விளக்கு எரிகிறதா இல்லையா என்பது வெயிலில் எப்போதுமே தெரியாது.

நாக்கு வறண்டது. "ஒரு நிமிஷங்க," என்று போனைக் காதில் இடுக்கியபடி தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள்.

சமையலறையில், அடுப்பு மேடைமேல் சார்ஜர். அதில் ரிமோட்டின் பேட்டரி.

நாளைக்கு வேண்டுமே என்று காலையில் அவளேதான் கழற்றிப் போட்டிருந்தாள். 'வெயில் ஏறுது, கிளம்பட்டுமா' என்று கணவன் அவசரப்படுத்தியதில் திரும்ப மாட்ட மறந்துபோனாள்.

ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. வீட்டில் வேறு பேட்டரியும் கிடையாது.

ரிமோட்டை மேடையில் வைத்தாள். போனை அதன் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"இடது," என்றாள்.

"இடது திரும்புது, சூப்பர்!"

முதன்முதலில் வாங்கிய பொம்மை ரிமோட் ஞாபகத்துக்கு வந்தது. தெருமுனையைக்கூடத் தாண்டாது. போன மாதம் அதுவும் காணோம், அதோடு வந்த ரிசீவரும் காணோம். 'குப்பையில போட்டிருப்ப' என்று சொன்னது அவன்தான். கட்டெறும்பைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் எந்த ரிசீவரை மாட்டினான் என்று இவள் என்ன கண்டாள்? ரோபோவின் பக்கத்திலேயே நிற்கிறவனுக்கு அந்தப் பொம்மை தாராளமாகப் போதும்.

ஆக, ஒரு மாதமாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறான். முதல்நாள் அவள் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாளே, அதையும் போனில் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறான். வேறு யாராவது செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியாவது ஆறியிருப்பாள். இவன் பேச்சை நம்பித்தானே ஊரைக் கூட்டிவைத்திருக்கிறாள்!

"தொட்டிக்குப் பின்பக்கம் போகட்டும். நேரா," என்றாள்.

"போகுது, போகுது."

"நேரா."

"ஏய், முன்னால வாய்க்கால் இருக்கும்மா. தண்ணி நிறைய ஓடுது. நிறுத்து."

"நேரா." கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை.

சொல்லிவிடேன் என்று அவள் மனசு கெஞ்சியது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட்டால் மன்னித்துத் தொலைப்பாள். போட்டி போனால் போகிறது. எக்ஸ்ரே அக்கா சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மோட்டார் உறுமியது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

"சிக்னல் விட்டுப்போச்சு போலருக்கு," என்றான் அவன். "உன் ஆன்டெனாவுலதான் ஏதோ கோளாறு."