எலி கடித்த வயர்

மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கிற ஜெசிந்தாவுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. புயலன்று கரையில் வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, "காத்து மாறுது, திரும்பி வாரும்" என்று புருஷன் மிக்கேலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை கிழிந்துபோனது. வள்ளத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. மறுநாள் மிக்கேல் கூடை நிறைய மீனோடு வந்து இறங்கினான்.

"வயர்லெஸ் செத்துப்போச்சு ளா. எலி கடிச்சிருக்கும். சரி பண்ணிக் குடு."

வள்ளத்தில் ஏறி, வயர்களை மூடியிருந்த பலகையைக் கழற்றினாள். எலி கடித்தால் வயர் நார்நாராகப் பிய்ந்திருக்கும். இது சாய்வாக, வழவழவென்று அறுபட்டிருந்தது. நடுவில் ஒரு சாண் வயரையே காணோம். பக்கத்தில் பாட்டுப்பெட்டியின் வயர் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடியது. 'கடல்லயாவது நிம்மதியா இருக்கணும்டே' என்று கூட்டாளிகளிடம் அவன் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவள் மாதா முன்னால் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தபோது இங்கே பாட்டு ஓடியிருக்கிறது.

வலை அறுக்க அவன் வைத்திருந்த கத்தியை எடுத்துப் பாட்டுப்பெட்டியின் வயரில் ஒரு சாண் அறுத்தாள். அதையே வயர்லெஸ்ஸுக்கு ஒட்டுப்போட்டு ஈயம் வைத்தாள். கரையிலிருந்து யாருடைய குரலோ வள்ளம் முழுக்க இரைந்தது.

மிக்கேல் ஏறிவந்து பாட்டுப்பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"ஏளா, இது ஏன் பாட மாட்டேங்குது?"

இல்லாத குரலைத் திரட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "எலி கடிச்சிட்டு."

கத்தியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.