கால்சட்டையை என்ன செய்தார்?

"இன்னிக்கு ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம். வினைச்சொல் வரைக்கும் போய் முடிக்கணும். முடிக்காதவங்க பேரை வகுப்பிலேருந்து அடிச்சிடுவேன்" என்றார் டீச்சர்.

பாரசீக மொழி வகுப்பு. மூன்று மாதமாகக் கத்தியாயிற்று. இத்தனைக்கும் நம் தமிழ் மாதிரிதான். யார், எதை, எங்கே எல்லாம் முன்னால். என்ன செய்தார் என்பது கடைசியில்.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். பாக்கி இரண்டே பேர்: டெய்லரும் நர்ஸம்மாவும். மணியடிக்க ஏழு நிமிஷம்.

"நர்ஸம்மா, நீங்க."

"நான் முதல்ல" என்று எழுந்துவிட்டார் டெய்லர்.

முந்திரிக்கொட்டை. டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. "சரி, சொல்லித் தொலைங்க."

பாரசீகத்தில் ஒரு சொல்லோடு இன்னொன்றை 'எ' போட்டு ஒட்டலாம். கால்சட்டை-எ மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளையின் கால்சட்டை. டெய்லர் அந்த 'எ'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நான் கால்சட்டை-எ மாப்பிள்ளை-எ பக்கத்துவீட்டுக்காரர்-எ குண்டு-எ..."

"போதும். ரயில் பெட்டியா கோக்கறீங்க?"

"...எங்க..." என்று பெட்டிகளை முடித்து, "...ரா" என்றார். ரா என்பது நம் 'ஐ'.

"அப்பாடா, உங்க குண்டுப் பக்கத்துவீட்டுக்காரர் மாப்பிள்ளையோட கால்சட்டையை. அப்புறம் வினை."

"சாயங்காலம்."

"அது வினை இல்ல."

"கடையில. பெரிய கத்தரிக்கோலால. என் பெண்டாட்டி கண்ணு முன்னால."

பின் பெஞ்சில் ஒருவர் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினார். இன்னொருவருக்கு விக்கல்.

"டெய்லர் சார், வாக்கியத்தையும் அளவெடுத்துத் தைங்க. தொளதொளன்னு விடாதீங்க. அந்தக் கால்சட்டையைத் தைச்சீங்களா, கிழிச்சீங்களா?"

"மெதுவா."

"மெதுவா என்ன பண்ணீங்க?"

"ரொம்ப ரொம்ப மெதுவா."

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுத்து, டெய்லர் பேரை ஒரே கோடாக அடித்தார். "நாளைக்கு நர்ஸம்மாவை மட்டும் கேட்பேன். நீங்க வர வேண்டாம்."

"சரிங்க டீச்சர்" என்றார் டெய்லர். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. சூடுசொரணை இல்லாத ஆள்.

வகுப்பைப் பூட்டிவிட்டு டீச்சர் படியிறங்கினார். கீழ்த் திருப்பத்தில் பேச்சுக்குரல்.

"மன் தர் பீமாரெஸ்தான் கார் மீகொனம். நான் ஆஸ்பத்திரியில வேலை செய்றேன். அவ்வளவுதான். எங்க, சொல்லுங்கக்கா."

டெய்லர்தான். தடங்கலே இல்லை. வினைச்சொல் கச்சிதமாகக் கடைசியில் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு வந்தா புத்தகம் எங்க ஏறுது? என்னால உங்க பேரு போச்சே தம்பி" என்றார் நர்ஸம்மா.

"அதை விடுங்க. இந்த ஒண்ணை நெட்டுருப் போடுங்க. நாளைக்கு உங்களுக்கு முன்னாடி நின்னு உளர்றதுக்கு நான் இருக்க மாட்டேன்."