வாய் நிறைய இலை

பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்ட டேபிருக்குத் தூரத்து உறவான லோபியோடன் என்ற இலை தின்னும் விலங்கு உலகில் வாழ்ந்த காலம். குளத்தங்கரையில் ஒரு காண்டாமிருகம் படுத்திருக்கும். "உத்தரவுங்களா ஐயா?" என்று குனிந்து கேட்காமல் யாரும் தண்ணீர் குடிக்க முடியாது.

ஒருநாள், வாய் நிறைய இலையோடு வந்த லோபியோடனுக்குத் தாகம் தாங்கவில்லை. கேட்காமலே இறங்கி, இலையைத் தண்ணீரோடு விழுங்கியது.

"ஏன்டா, உனக்கு வாயில்லையா?"

"இருக்குதுங்க ஐயா. இலை இருந்துச்சு."

"எழுந்து வந்தேன்னா தெரியும்!" என்று காண்டாமிருகம் கத்தியது. எழவில்லை. அதற்குக் கத்தித்தான் பழக்கம்.

மறுநாள் லோபியோடன் கூட்டமே வந்தது, ஒவ்வொரு வாயிலும் இலையோடு. குளம் கலங்கக் குதித்து ஆடிக் குடித்தன. கத்திக் கத்தித் தொண்டை வறண்ட காண்டாமிருகம் மெல்லக் கேட்டது: "கொஞ்சம் வழி விடுறீங்களாப்பா?"

லோபியோடன் நகர்ந்து இடம் விட்டது. "இதுக்கெல்லாமா கேப்பாங்க? சும்மா இறங்குங்க!"